பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்கு நகவேலை கற்றுக்கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார். சென்னையில் எட்டு ஆண்டுகள் அழகு நிலையத்தில் நகவேலை செய்தவர். கணவருக்கு உம்லாங்காவில் கணினி வேலை. கோயிலில் பழக்கமான ஓர் ஆசிரியை, சாட்ஸ்வர்த்தில் உள்ள தம் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் இந்தத் தொழிலைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாராம். "ஒத்துக்கொள்ளலாமா அக்கா? டெக்சாஸில் என் அக்கா மகள் பள்ளியிலேயே இதை ஒரு பாடமாகப் படித்து உரிமம் வாங்கப் போகிறாள். இங்கேயும் அப்படித்தானா? எதிலிருந்து தொடங்குவது?"

மனதுக்குள் இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதற்கு முன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை ஒரு முறை படியுங்கள். வேலை விசாவில் வந்தவருக்குத் துணையாக வந்தவர்களுக்கு இங்கே தருவது பெரும்பாலும் வருகையாளர் விசா. அதில் வேலை செய்ய அனுமதி கிடையாது. இலவசமாகச் செய்தாலும் வேலை வேலைதானே என்று அதிகாரி கேட்டால் பதில் இருக்க வேண்டும். குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு, பள்ளியிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டின் கார் கொட்டகையைத் தடுத்து நகவேலை அறையாக்கி வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கிறேன்.

டெக்சாஸ் கதை வேறு. அங்கே நகவேலை செய்ய மாநில அரசின் உரிமம் வேண்டும். அதற்கு 600 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. பள்ளியில் கழித்த மணி நேரங்கள் அந்தக் கணக்கில் ஏறுவதால்தான் அங்கே அது ஒரு பாடமாகவே நிற்கிறது. இந்த நாட்டில் அப்படிப்பட்ட அரசு உரிமத் தேர்வு இல்லை. தேர்வு எழுதாமலே யார் வேண்டுமானாலும் ஒரு மேசையும் விளக்கும் வாங்கிப் போட்டுத் தொழில் தொடங்கிவிடலாம். நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு எடைக்கடை விலைதான். மேலே படிக்க விரும்புகிறவள் மெட்ரிக் (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துவிட்டு ஐடெக், சிடெஸ்கோ என்ற சர்வதேச அழகுக்கலைச் சான்றிதழ்களுக்குப் பயிற்சி தரும் தனியார் கல்லூரிக்குப் போகட்டும். உங்களிடமிருந்து அவள் கொண்டுபோகக்கூடியது கைப்பழக்கம் மட்டுமே. உரிமம் கேட்க ஆள் இல்லாத ஊர் என்பதால்தான் அந்தப் பழக்கத்தில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? பிள்ளைகள் பூ வரையத்தான் வருவார்கள். கைப்பேசியில் படம் காட்டி, "ஆன்டி, இது எப்போது?" என்பார்கள். (கவுண்டர் கவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் மாறிய குடும்பங்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை இவர்கள். வீட்டில் ஆங்கிலம்தான். தமிழில் பாடம் நடத்தலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். வகுப்பில் ஜூலுப் பிள்ளைகளும் இருப்பார்கள். "சாவுபோனா" என்று வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள்.) முதல் இரண்டு மாதம் பூ கிடையாது என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு பாடம்: நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு துளியும் படாமல் ஜெல் (விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சு) பூசுவது.

காரணம் இருக்கிறது. ஜெல்லிலும், செயற்கை நகம் செய்யும் அக்ரிலிக்கிலும் இருப்பவை அக்ரிலேட் வகைப் பொருள்கள். விளக்கில் முழுதாக இறுகிய பிறகு அவற்றால் பெரிய தொல்லை இல்லை. இறுகாத நிலையில் தோலில் படப்படத்தான் ஒவ்வாமை வரும். வந்தால் ஆயுளுக்கும் போகாது. ஹீமா என்ற பொருள் இதில் பேர்போனது. அது கலந்த நகப்பூச்சைத் தொழில்முறையில் செய்பவர்கள் மட்டுமே கையாளலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. பதினாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இந்த ஒவ்வாமை வந்தால் தொழில் போகிறது; அதோடு முடிவதில்லை. பல் ஓட்டை அடைக்கும் வெள்ளைப் பூச்சிலும், சர்க்கரை அளவைக் காட்டக் கையில் ஒட்டும் கருவியின் பசையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் வருகின்றன. ரப்பர் கையுறை இதற்குப் பயன்படாது. நைட்ரைல் கையுறை வாங்குங்கள். அதிலும் துளி பட்டால் சில நிமிடங்களில் ஊறி உள்ளே வந்துவிடும், உடனே மாற்ற வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மின்கலத்தில் ஓடும் விளக்கை வைத்து வகுப்பை ஓட்டினேன். மின்கலம் தீரத் தீர ஒளி மங்கியது, எனக்குத் தெரியவில்லை. மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், அடியில் பச்சையாகவே இருந்திருக்கிறது. போதாததற்கு மலிவாகக் கிடைத்தது என்று பெயர்ச்சீட்டு இல்லாத குப்பி ஒன்றையும் ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டியிருந்தார். ஒரு மாணவியின் விரல் நுனிகள் தடித்துச் சிவந்து தோல் உரிந்தன. அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தப் பெண் இன்று ஜெல் பக்கமே போக முடியாது. அதன் பிறகு மூன்று விதி வைத்துக்கொண்டேன்: ஜெல் எந்த நிறுவனமோ அதற்கு அவர்களே சொல்லும் விளக்கு, தடிமனாக ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிதாக இரண்டு, கரண்ட் இல்லையென்றால் அன்றைக்கு வகுப்பு சாதாரண நகச்சாயத்தில்.

பெயர்ச்சீட்டு இல்லாத அக்ரிலிக் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். எம்.எம்.ஏ. என்ற மலிவுச் சரக்காக இருக்கலாம். அது கல்லாக இறுகும்; எங்காவது இடித்தால் செயற்கை நகம் உடைவதற்குப் பதில் சொந்த நகம் பெயர்ந்து வரும். அமெரிக்காவில் 1970களிலேயே அரசு இதன் மேல் நடவடிக்கை எடுத்தது. மூக்கைத் துளைக்கும் வாடையும், அசிட்டோனில் ஊறவைத்தாலும் அசையாத பிடிவாதமும் அதன் அடையாளம்.

இரண்டாவது பாடம், வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது. நகச்சுற்று இருக்கும் விரல், சொத்தை விழுந்த நகம், பச்சை பாய்ந்த நகம் இவற்றின் மேல் எதையும் பூசக்கூடாது. டர்பன் ஈரக்காற்று நம் சென்னையை நினைவூட்டும். பூச்சு ஓரத்தில் கிளம்பி அதற்குள் ஈரம் தங்கினால் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். அதை மறைக்க மேலே இன்னொரு பூச்சு போடச் சொல்லி வருபவர்கள் உண்டு. இந்த ஊர் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம், தோலை வெட்டும் முன் "சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பெரியவர்களிடம் அப்படிக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்காலியில் உட்கார்ந்து பிடிவாதக்காரப் பாட்டியாக நடிப்பேன். வகுப்பிலேயே அவர்களுக்குப் பிடித்த பகுதி அதுதான், பூ வரைவதைவிட.

ஒரு சிக்கல். பள்ளிக்கூடத்துக்கு நகச்சாயம் பூசிக்கொண்டு போக முடியாது. நம் ஊர் கான்வென்ட் மாதிரி இங்கேயும் கண்டிப்பு. சனிக்கிழமை பூசிப் பழகினால் ஞாயிறு இரவுக்குள் அழிக்க வேண்டும். வாராவாரம் ஜெல்லைச் சுரண்டினால் நகம் காகிதமாகிவிடும். அதனால் ஒட்டும் நகங்களிலும் பிளாஸ்டிக் கையிலும்தான் பெரும்பாலான பழக்கம். அம்மாக்களையும் அத்தைகளையும் மாதம் ஒரு முறை வரச் சொல்லுங்கள்.

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, ஜனவரியிலேயே ஆரம்பியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பைச் சேர்க்காதீர்கள். ஆண்டு இறுதியில் மெட்ரிக் தேர்வு அவர்களை விழுங்கிவிடும். அவர்களுடைய மெட்ரிக் டான்ஸ் என்ற பிரியாவிடைக் கொண்டாட்டம்தான் உங்கள் மாணவிகளின் அறுவடைக் காலம். மற்ற செலவைக் குறைத்தாலும் அன்றைக்கு நகம் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் உங்கள் மாணவிகளைப் பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்க அழகு நிலையங்கள் கேட்டு வரும். மூன்று மாதம் கூட்டிப் பெருக்கவிட்டு அனுப்பிவிடும். பதினைந்து வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதே இங்கே சட்ட விரோதம். அதற்கு மேற்பட்டவர்களானாலும் என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று பெற்றோர் முன்னிலையில் பேசிவிட்டுத்தான் நான் அனுப்புவேன்.

சென்னையிலிருந்து உங்கள் விளக்கைக் கொண்டுவந்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம் தங்கச்சி. மின் அழுத்தம் இங்கேயும் 230 வோல்ட்தான். சுவரில் இருக்கும் துளைகள் மட்டும் நம் வீட்டில் கிரைண்டருக்குப் போடும் 15 ஆம்பியர் சாக்கெட் மாதிரிப் பெரிதாக இருக்கும். அதற்கான அடாப்டர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.