விதை நூலகத்து பீன்ஸ் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: ஊட்டி காந்தல் பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு விதை நூலகம் வைத்திருக்கிறோம். விதை எடுத்துப் போகிறவர் விளைந்ததும் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். போன வருடக் கடைசியில் திரும்பி வந்த கொடி பீன்ஸ் விதையைச் சித்திரையில் போட்டோம், பாதிகூட முளைக்கவில்லை. உரக்கடையில் கேட்டதற்கு, விதையில் கலந்து வைக்கச் சொல்லி ஒரு மருந்து பாக்கெட் கொடுத்தார்கள். கலக்கலாமா? இப்போது நீர்ப்பனி ஆரம்பித்துவிட்டது. உறைபனிக்கு முன்னால் செடிகளுக்கு என்ன தெளிப்பது? உருளைக்கிழங்கு விதையும் நூலகத்தில் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், வைக்கலாமா?

பதில்: மருந்து கலக்க வேண்டாம் அம்மா. அது பூஞ்சாணத்தைத் தடுக்கும், செத்த விதையை எழுப்பாது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் முளைக்கவில்லை என்று வந்து நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்கு என்ன லாபம்? அதோடு, மருந்து பூசிய விதையை ஊரே வந்து கையில் அள்ளும் அலமாரியில் வைக்கவே கூடாது. குழந்தைகளும் வருவார்கள்.

உங்கள் விதை எங்கே செத்தது என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? கடைபோகத்தில், ஆவணி வாக்கில் ஊன்றியிருப்பீர்கள். கொடி காய்க்க ஆரம்பித்ததும் முதல் காயிலிருந்து பறித்துப் பொரியல் செய்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். மார்கழி நெருங்கும்போது, 'ஐயோ, நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டுமே' என்று கொடியில் மிச்சம் தொங்கிய கடைசிக் காய்களை விதைக்கு விட்டிருப்பீர்கள். அந்தக் காய் முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிட்டது. நன்றாகக் காய்ந்த விதையைப் பனி ஒன்றும் செய்யாது. ஈரம் உள்ள பச்சை விதைக்குள் தண்ணீர் உறைந்தால் கரு செத்துவிடும். பிறகு அது காய்ந்து, பார்வைக்கு நல்ல விதை மாதிரியே கிடக்கும், அதுதான் ஏமாற்று. பழைய பாட்டிலிலிருந்து 20 விதையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வையுங்கள். முளை வராமல் கூழாகிப் போனால் விதை செத்ததில் சந்தேகமே வேண்டாம். ஈரத்தோடு பாட்டிலில் அடைத்தாலும் விதை கெடும்தான், ஆனால் காந்தல் மாதிரிப் பள்ளமான இடத்தில் நான் முதலில் பனியைத்தான் சந்தேகப்படுவேன்.

ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்ன தெளிப்பது என்பதல்ல, எந்தக் காயை விதைக்கு விடுவது என்பது. இந்த இரண்டு மடங்கு விதியே எனக்குப் பிடிக்கவில்லை. அளவைக் கேட்டால் அளவுதான் வரும். சொத்தை விதையையும் சேர்த்து அளந்து கொடுப்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பதிலாக விதியை இப்படி மாற்றுங்கள்: ஊன்றிய கொடிகளில் சீக்கிரம் பூத்து, இலையில் தேமலோ காயில் கருப்புப் புள்ளியோ இல்லாத சிலவற்றுக்கு ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும், அந்தக் கொடிகளிலிருந்து ஒரு காய்கூடச் சமையலுக்குப் போகக் கூடாது, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் சரி. மற்ற கொடிகளில் பறித்துச் சாப்பிடுங்கள். ஒரு கைப்பிடி விதை திரும்பினாலும் போதும், அது பனிக்கு முன்னால் முற்றிய விதையாக இருக்கும். தேமல் நோயும் காய்ப்புள்ளி நோயும் பீன்ஸ் விதை வழியாகவும் பரவும் என்பதால் இதில் கறாராக இருங்கள், ஒரு வீட்டு நோயைத் தெரு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுக்கும் வேலையை நூலகம் செய்யக் கூடாது.

இந்த வருடம் இப்போதே செய்ய வேண்டியது: மஞ்சளாகித் தோல் சுருங்கத் தொடங்கிய காய் இருந்தால் கொடியோடு பிடுங்கிக் கூரைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அது முற்றிக் காய்ந்துவிடும். பச்சையாக இருப்பதைச் சமைத்துவிடுங்கள். நம் பக்கம் தை, மாசியில் ராத்திரி உறைய வைத்தாலும் பகலில் வானம் வெளுத்து, காற்றும் வறண்டு இருக்கும், விதை காய வைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. மழை மாதத்து மூடுபனியில் காய வைத்த விதை காயவே காயாது. துணியில் பரப்புங்கள், தகரத்தில் வேண்டாம், மாலைப் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுங்கள். கடித்தால் பல் பதியாத அளவுக்குக் காய்ந்ததும் பாட்டிலில் போட்டு, வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு சின்னத் துணி முடிச்சில் கட்டி உள்ளே வையுங்கள். மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

இனி தெளிப்பது பற்றி. பனி மருந்து என்று பாட்டிலில் விற்பதை வாங்காதீர்கள். காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் மண்ணின் சூடு மேலே போய்விடுகிறது, குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்குகிறது, அதுதான் உறைபனி. மாலைக்கு முன் மண்ணை நனைத்து வைத்தால் பகல் சூட்டை அது பிடித்து வைக்கும். பாத்தியில் புல் மூடாக்கு இருந்தால் இந்த மாதங்களில் விலக்கிவிடுங்கள், மூடாக்கை எப்போதும் புகழ்கிற நானே சொல்கிறேன், மண்ணின் சூடு செடிக்கு ஏற விடாமல் அது தடுக்கும். மூடாக்கு செடிக்கு மேலே வேண்டும்: கோத்தகிரி மிலார் என்கிற செடியை வெட்டிச் சாய்த்து வைக்கலாம், பழைய சேலையும் போதும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அது இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். யூரியாவை இப்போது தொடவே வேண்டாம், இளந்தளிர் விட்டால் முதலில் கருகுவது அதுதான்.

உருளைக்கிழங்கை நூலகத்தில் வைக்கவே வேண்டாம். 1961-இல் ஊட்டி விஜயநகரத்தில் கண்டுபிடித்த உருளைக்கிழங்கு நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய புழு, இன்னும் நம் மண்ணில் இருக்கிறது, அதன் முட்டைக்கூடு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும், போன இடத்தில் பல வருடம் சும்மா கிடந்து காத்திருக்கும். நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டு போவதற்கே தடை உண்டு. முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா மாதிரி நூற்புழு தாங்கும் ரகங்களைப் பற்றிக் கேளுங்கள். வேரோடு பிடுங்கிய பூண்டும் நாற்றும்கூட மண்ணோடு வந்தால் வாங்காதீர்கள், கொண்டு வந்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.