மணல்மேட்டை நம்பி ஐந்து வருஷமா?

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். வேதாரண்யம் பக்கம் கடலோர ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். சின்ன வயதில் அடப்பங்கொடி படர்ந்து கிடந்த மணல்மேடுகளில் இப்போது சவுக்கும் சீமைக்கருவேலமும்தான் நிற்கின்றன. இதையே முனைவர் பட்டத்துக்கு எடுக்க ஆசை. “களைச்செடிக்கு ஐந்து வருஷமா? பி.எட். சேர்ந்துவிடு” என்கிறார் அம்மா. இதில் ஒரு வாழ்க்கை அமையுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளுக்கு,

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டுக்குப் பாரமாக இருக்க மாட்டாய். உதவித்தொகை இல்லாமல் மட்டும் சேராதே. பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை உடனே வராது. ஒப்பந்த வேலை, ஆய்வுத் திட்ட வேலை என்று சில வருஷம் ஓடும். இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடு.

ஆனால் ‘களைச்செடி’ என்ற சொல்லுக்கு என் பதில் வேறு. அமெரிக்காவின் ஓரிகான் கடற்கரையில் மணல் பறப்பதைத் தடுக்க ஐரோப்பாவிலிருந்து மர்ரம் புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அது மணலைப் பிடித்துப் பிடித்து, திறந்து கிடந்த கரையில் உயரமான மணற்சுவரையே எழுப்பிவிட்டது. வெறும் மணலில் முட்டையிடும் ஸ்னோயி பிளவர் என்ற சின்னக் கரைப்பறவைக்கு இடம் சுருங்கியது. 1993-ல் அதை அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். இதற்கிடையே அதே பேரினத்தின் இன்னொரு புல், அமெரிக்கக் கிழக்குக் கரையைச் சேர்ந்தது, பரவத் தொடங்கியது. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாலி ஹேக்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் அளந்து பார்த்தபோது, புதிய புல் கட்டும் மேடு தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தது. மேடு தாழ்ந்தால் புயல் அலை தாண்டி வரும். எந்தப் புல் முளைக்கிறது என்ற கேள்வி, ஊருக்குள் தண்ணீர் வருமா என்ற கேள்வியாகிவிட்டது. களைச்செடி ஆராய்ச்சி இங்கேதான் வந்து நிற்கிறது, அம்மாவிடம் இதைச் சொல்.

நம் கரையிலும் அதே இக்கட்டுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அலைத்தடுப்பு என்று சவுக்கை வரிசை வரிசையாக நட்டார்கள். மணல்மேட்டையே மரத்தோப்பாக்குவது சரியா, சவுக்கு நெருங்கிய கரையில் பங்குனி ஆமை எங்கே முட்டையிடும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. உனக்கு அங்கே இடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனி. சவுக்கையும் சீமைக்கருவேலத்தையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பாதே. சவுக்கு வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் கரையில் பெரும்பாலும் நட்டதால் நிற்கிறது. சீமைக்கருவேலம் தானாகப் பரவுகிறது. கோடியக்கரையில் அதன் காய்களைத் தின்னும் குதிரைகள் விதையைச் சாணத்தில் சுமந்துபோய்ப் போடுகின்றன, வெளிமான் மேயும் புல்வெளி சுருங்குகிறது. ஒன்றில் மனிதர் முடிவு, மற்றதில் செடியின் ஓட்டம். கேள்விகளே வேறு. சீமைக்கருவேலத்தை விறகாகவும் கரியாகவும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களையும் உன் ஆய்வு பார்க்க வேண்டும். வெட்டி எறி என்று எழுதுவது சுலபம்.

நான் ஆராய்ச்சி தொடங்கிய வருஷம் மணலில் நாற்பது மரக்குச்சிகளை அடித்துச் சதுரம் சதுரமாகப் பிரித்துவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த மாதம் போனபோது ஒன்றுகூட இல்லை, எல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. யாரிடமும் சொல்லாமல் நட்டது என் தவறு. ஒரு பருவம் முழுக்க வீணாயிற்று. அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான் குச்சிகள் நின்றன. உனக்கு அந்தத் தூரம் கிடையாது. அது உன் ஊர். இந்தத் துறையில் ஒரே மணலுக்கு வருஷக்கணக்காகத் திரும்பிப் போகிறவருக்குத்தான் சொல்ல ஏதாவது இருக்கும். அந்த வசதி உனக்குப் பிறப்பிலேயே இருக்கிறது.

அதனால் வழிகாட்டி கிடைக்கும்வரை காத்திருக்காதே. கோடியக்கரைச் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு வெளியே ஒரு மேட்டைத் தேர்ந்துகொள். 1961-ல் எமரி என்ற கடலியல் அறிஞர் சொன்ன முறைக்கு ஒன்றரை மீட்டர் கோல் இரண்டு போதும். மேட்டு உச்சியிலிருந்து அலைவிளிம்பு வரை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிறுத்திக்கொண்டே இறங்க வேண்டும். கடல் பக்கக் கோலின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார். அந்தக் கோடு உன் பக்கக் கோலில் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே விழுகிறதோ அதுதான் சரிவு. ஒவ்வொரு இடத்திலும் என்ன செடி நிற்கிறது என்று குறித்துக்கொள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கடல் பக்கக் கோலை அப்பாவிடம் கொடு. எந்தக் காற்றில் எந்த மேடு கரையும், எது வளரும் என்று அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வை. ஐப்பசியில் வாடை திரும்புவதற்குள் முதல் அளவை எடுத்துவிட்டு, அந்தத் தாளின் ஒரு நகலை எனக்கும் அனுப்பு.