பள்ளி தரும் லேப்டாப் யாருக்கு, டேட்டா யார் செலவு? டர்பன் பெற்றோர் கேட்டதும் நான் சொன்னதும்

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் பள்ளி நிர்வாகக் குழுவில், நாம் எஸ்.ஜி.பி. என்கிறோமே அதில், ஆசிரியர் பிரதிநிதி. 2020 மார்ச் 18ஆம் தேதி தென்னாப்பிரிக்கா முழுக்கப் பள்ளிகளை மூடியபோது எங்கள் பள்ளி கம்ப்யூட்டர் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெற்றோர் என்னைச் சுற்றி நின்று கேட்டவற்றையும், வேறு ஊர்களிலிருந்து எழுதிக் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: டீச்சர், வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆகிறது. ஃபீஸ் பாக்கி. அதைக் கட்டினால்தான் மகனுக்கு லேப்டாப் என்று பள்ளி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மறுபடி போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை, அம்மா. 1996ஆம் வருஷத்துத் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தில் 41ஆம் பிரிவு இருக்கிறது. பெற்றோர் ஃபீஸ் கட்டவில்லை என்பதற்காக அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பள்ளியின் எந்த நடவடிக்கையிலிருந்தும் ஒதுக்கக் கூடாது, வகுப்பிலிருந்து நிறுத்தக் கூடாது, ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. லேப்டாப் என்ற சொல் அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆனால் பாடமே லேப்டாப் வழியாகத்தான் நடக்கிறது என்றால், அதைக் கொடுக்காமல் இருப்பது பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதுதான். பாக்கியை உங்களிடம் கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. அதற்காகப் பையனைத் தண்டிக்க உரிமை கிடையாது.

இன்னொன்றும் செய்யுங்கள். ஃபீஸ் விலக்குக்கு விண்ணப்பப் படிவம் கேளுங்கள். கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வருஷ ஃபீஸையும், பள்ளி தனியாகக் கேட்கும் மற்றக் கட்டணங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். தாய் தகப்பன் இருவரின் மொத்த வருமானத்தில் அது 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. வருஷ வருமானம் 60,000 ரேண்ட், ஃபீஸ் 5,400 ரேண்ட் என்றால் 9 சதவீதம், ஒரு பகுதி விலக்குதான் கிடைக்கும். அதோடு "டெக்னாலஜி கட்டணம்" என்று 900 ரேண்ட் போட்டிருந்தால் 10.5 சதவீதம் ஆகிவிடும், முழு விலக்கு. அந்த 900 ரேண்டைப் படிவத்தில் எழுத விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்காக அரசு கிராண்ட், அதாவது உதவித்தொகை, வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை, விலக்கு தானாகவே உண்டு. எஸ்.ஜி.பி. மறுத்தால் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு அப்பீல் செய்யலாம்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். "என் மகனுக்கு லேப்டாப் மறுக்கப்படும் காரணத்தை எழுதித் தரவும்" என்று ஒரே வரி போதும். வாயால் மறுக்கிறவர்கள் பலர் எழுதி மறுக்கத் துணிய மாட்டார்கள்.

டர்பன் நார்த், தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு வருஷமான ஒரு தகப்பனார்: எங்கள் ஊரில் 2011லிருந்து ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசே லேப்டாப் கொடுத்தது. இங்கே ஏன் அப்படி இல்லை?

அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகவே கொடுத்த திட்டம். இங்கே பள்ளிகளை வசதியை வைத்து ஐந்து பிரிவாகப் பிரித்து, கீழ் மூன்று பிரிவை ஃபீஸ் இல்லாப் பள்ளிகளாக வைத்திருக்கிறார்கள். லேப்டாப் வந்தால் பெரும்பாலும் இரவல்தான், சொத்து பள்ளியுடையது. பிரிவு 4, 5 பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைதான் இதில் அடிபடுகிறது. பள்ளியின் பெயர் வசதியானது, பிள்ளையின் வீடு அப்படி இல்லை.

ஆனால் இந்த நாட்டில் நமக்கு ஒரு பலம் உண்டு. அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு தரும் அடிப்படைக் கல்வி உரிமையை, "வசதி வரும்போது மெல்ல மெல்லத் தருகிறோம்" என்று தள்ளிப்போட முடியாது. 2011இல் அரசியல் சட்ட நீதிமன்றம் இதைச் சொன்னது, அதுவும் நம் டர்பன் ஜும்மா மஸ்ஜித் ஆரம்பப் பள்ளி வழக்கில். 2015இல் லிம்போபோ மாகாணப் பாடப்புத்தக வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லாப் பாடத்துக்கும் தனிப் புத்தகம் வேண்டும், சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல் விடுவது பாகுபாடு என்றது. பாடம் திரைக்கு மாறிவிட்டால் புத்தகம் இருந்த இடத்தில் லேப்டாப் இருக்கிறது. இது என் வாதம், இதை நான் எங்கேயும் சொல்வேன்.

மெர்பேங்க், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஓர் ஆயா: வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள். "வீட்டுக்கு ஒன்றுதான்" என்று ஒரே லேப்டாப் கொடுத்தார்கள். பெரியவன் எடுத்துக்கொள்கிறான். சின்னவள் அழுகிறாள்.

ஆயா, வீட்டுக்கு ஒன்று என்பது கேட்க நியாயமாகத் தெரியும். ஒற்றைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் அது ஒன்றாகுமா? பிரின்சிபலிடம் மூன்று பேரின் கிரேடையும் வகுப்பு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரம் மோதுகிற இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். இரண்டாவது கிடைக்கும் வரை சின்னவளுக்கு அச்சிட்ட பயிற்சித் தாள் கேளுங்கள். சின்ன வயசுப் பிள்ளைக்குத் திரையைவிடத் தாளும் பென்சிலும் நல்லது என்றே சொல்வேன்.

ஃபீனிக்ஸ், கிரேடு 11 மாணவி: டீச்சர், லேப்டாப் கொடுத்தார்கள், டேட்டா கொடுக்கவில்லை. அம்மா வாங்கிப் போடும் ஏர்டைம் இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. வகுப்புக்கு வராவிட்டால் ஆப்சென்ட் போடுகிறார்கள்.

கண்ணு, எல்லாரும் மறந்துபோகிற விஷயத்தை நீ கேட்டுவிட்டாய். டேட்டா இல்லாத லேப்டாப் வெறும் டைப்ரைட்டர்.

முதலில் விலை. கம்பெனிகளுக்கு இடையிலான சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா வாங்குகிற ஏழைகள்தான் ஒவ்வொரு எம்பிக்கும் அதிக விலை கொடுக்கிறார்கள் என்று சொன்னது. அதற்குப் பிறகு வோடகாம் என்ற செல்போன் கம்பெனி 1 ஜிபி விலையை 149 ரேண்டிலிருந்து 2020 ஏப்ரலில் 99 ஆகவும், மறு வருஷம் 85 ஆகவும் குறைத்தது. குறைந்தும் என்ன? ஜூம் போன்ற குழு வீடியோ வகுப்பு மணிக்குச் சுமார் 1 ஜிபி இழுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு என்றால் 85 ரேண்ட் விலையிலும் 425 ரேண்ட். எந்த அம்மாவால் முடியும்? இந்தக் கணக்கை உன் வகுப்பு ஆசிரியரிடம் மரியாதையாகக் காட்டு. நானே 2020இல் இரண்டு வாரம் வீடியோ பாடம் நடத்திய பிறகுதான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுநாளே நிறுத்திவிட்டு, தாளில் எழுதிப் படம் எடுத்து, விளக்கத்தை வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டுக்கு ஒரு எம்பிகூட ஆகாது. அதுவரை வராத பிள்ளைகள் பதினொரு பேர் அந்த வாரம் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள்.

உன் பக்கம் செய்ய வேண்டியது. போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்ததும், விண்டோஸ் வைஃபை செட்டிங்கில் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று மாற்று. இல்லாவிட்டால் நீ பாடம் படிக்கும்போது பின்னால் அப்டேட் இறங்கி டேட்டாவைக் குடித்துவிடும். கணக்குக்கும் பிசிக்கல் சயன்ஸுக்கும் சியாவுலா என்ற கல்வி நிறுவனத்தின் பாடப்புத்தகங்கள் இலவசம். நெட்வொர்க் கம்பெனிகள் டேட்டா கழிக்காமல் திறந்துவிட்ட கல்வித் தளங்களும் உண்டு. அங்கிருந்து யூடியூப் லிங்க்கைத் தொட்டால் மட்டும் உன் டேட்டா போகும், ஜாக்கிரதை. மீதி டேட்டா தேதி முடிந்து போவதற்கு முன் அடுத்த மாசத்துக்குக் கொண்டுபோகவும், இன்னொருவருக்கு மாற்றித் தரவும் 2019லிருந்து விதி இருக்கிறது. மாமா சித்தப்பா யாரிடமாவது மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்.

ஆப்சென்ட் விஷயத்தை அம்மாவை விட்டு எழுதச் சொல். டேட்டா இல்லாததும் பள்ளிக்கு வராததும் ஒன்றல்ல.

டோங்காட், எஸ்.ஜி.பி. உறுப்பினர்: எங்களிடம் நாற்பது லேப்டாப், அறுநூறு பிள்ளைகள். மெட்ரிக், அதாவது கிரேடு 12, பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர், நல்ல மார்க் வாங்குகிறவர்களுக்கு என்கிறார்கள் சிலர்.

மார்க்குக்குக் கொடுக்காதீர்கள், தம்பி. மார்க் குறைந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு லேப்டாப் இல்லாததே காரணமாக இருக்கலாம். அது பரிசுக் கோப்பை இல்லை.

யாரிடம் ஒன்றும் இல்லை என்று முதலில் எண்ணுங்கள். எங்கள் பள்ளியில் செய்த தவறைச் சொல்கிறேன். வீட்டில் இணையம் இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தை இணையத்தில்தான் அனுப்பினோம். பதில் போட்டவர்கள் எல்லாரும் "இருக்கிறது" என்றார்கள்! பிறகு தாளில் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டித் தரச் சொன்னோம். அப்போதுதான் உண்மை வந்தது. வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இல்லை என்று கை தூக்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.

அந்தப் பட்டியலில் மெட்ரிக் பிள்ளைகள் முதலில் வரட்டும், சரிதான். ஆனால் வீட்டில் சொந்த மெஷின் வைத்திருக்கும் மெட்ரிக் பிள்ளைக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத கிரேடு 10 பிள்ளை வர வேண்டும். கண்பார்வை குறைந்த, காது கேளாத பிள்ளைகளை வரிசையிலேயே நிறுத்தாதீர்கள், நேரே கொடுங்கள். பட்டியல் எந்த முறையில் போடப்பட்டது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள், பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க வேண்டாம். முறை வெளியே தெரிந்தால் "கமிட்டிக்காரர் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.

இன்னொரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. 2005ஆம் வருஷத்து மின்னணுத் தொடர்புச் சட்டம், பிரிவு 73: அரசுப் பள்ளிக்கு இணையச் சேவை தருகிறவர்கள் குறைந்தது 50 சதவீதத் தள்ளுபடி தர வேண்டும். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். முழு விலை கட்டிக்கொண்டிருந்தால் எழுதிக் கேளுங்கள், மிச்சமாகும் பணத்தில் பிள்ளைகளுக்கு டேட்டா வாங்கலாம். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினால், இணையமே இல்லாமல் பள்ளி வைஃபையில் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் வந்து வாரப் பாடத்தை இறக்கிக்கொண்டு போகட்டும்.

வெருலம், ஒரு தகப்பனார்: வீட்டில் திருடன் புகுந்து பள்ளி லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். 7,000 ரேண்ட் கட்டு என்கிறார்கள்.

போலீசில் புகார் கொடுத்துக் கேஸ் நம்பர் வாங்கினீர்களா? அதுதான் முதல் காகிதம். பிறகு நீங்கள் கையெழுத்துப் போட்ட இரவல் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். கவனக்குறைவால் தொலைந்ததற்கும் திருட்டுக்கும் அதில் வித்தியாசம் இருக்கிறதா, பள்ளி இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசமே இல்லாமல் எழுதியிருந்தால் எஸ்.ஜி.பி. கூட்டத்தில் அதை மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். பயத்தில் லேப்டாப்பே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஏழைப் பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த ஒப்பந்தம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே விரட்டிவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கிரேடு 12 மாணவன்: கரண்ட் போனால் என்ன செய்வது?

லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்த 2023இல் நாம் கற்றதுதான். கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் போட்டு, பாடத்தை இறக்கி வைத்துக்கொள். செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்துபோகும் என்பதால் கடைசி மணி நேரத்தை நம்பாதே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் மாகாணத்தில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்படி நேர்ந்தால் ஒப்படைப்புத் தேதியைத் தள்ளச் சொல்லி மொத்த வகுப்பும் சேர்ந்து கேளுங்கள்.

லெனேசியா, பெண் பிள்ளையின் தாய்: வகுப்பில் கேமராவைக் கட்டாயம் போடச் சொல்கிறார்கள். ஒற்றை அறை வீடு, பின்னால் எல்லாம் தெரிகிறது. பள்ளி லேப்டாப்பில் கண்காணிக்கும் மென்பொருளும் இருக்கிறதாம்.

2021 ஜூலை 1லிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கும் பொப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. என்ன பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேமராவுக்குப் பதில் பெயர் கூப்பிட்டால் குரலில் பதில் சொல்லட்டும். பிள்ளையின் வீட்டு வறுமையை வகுப்புக்குக் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஸ்டாங்கர், தமிழ் வகுப்பு ஆசிரியை: பள்ளி லேப்டாப்பில் தமிழ் எழுத்து அடிக்க முடியவில்லை. எதையும் சேர்க்க விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து எதையும் போடத் தேவையில்லை, தங்கச்சி. விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் இருக்கின்றன, திறந்துவிட்டால் போதும். பூட்டியிருந்தால் பள்ளியில் லேப்டாப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர் சில நிமிஷத்தில் செய்துவிடுவார். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளி என்று பிரித்து, பள்ளிக்கு ஒரு கடிதமாக நீங்களே எழுதுங்கள். கடித மாதிரி என்னிடம் இருக்கிறது, வரும் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வருகிறேன்.