உங்கள் ஒழுங்கைக்கு ஒதுக்கிய காசு எங்கே? மாநகர சபைக் கணக்கு பற்றி வாசகர் கேள்வி - பதில்

கொழும்பு மாநகர சபையின் வரவு செலவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சபையின் பாதீட்டுப் புத்தகம் பார்க்கக் கிடைத்தது. பக்கம் பக்கமாக எண்கள். எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?
எஸ். கே., வெள்ளவத்தை

மொத்தத் தொகையை விட்டுவிடுங்கள். அதைப் பார்த்து மலைக்கலாமே தவிர வேறொன்றும் செய்ய முடியாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு விடயத்தை மட்டும் எடுங்கள்: வடிகால், குப்பை, தாய்சேய் நிலையம், ஏதாவது ஒன்று.

உள்ளூராட்சி சபைகளின் செலவு வழமையாக ஆறு நிகழ்ச்சித் திட்டங்களாகப் பிரிந்திருக்கும். பொது நிர்வாகம், சுகாதாரம், பௌதிகத் திட்டமிடலோடு வீதிகளும் காணி கட்டடங்களும், நீர் வழங்கல், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், நலன்புரி என்பன அவை. குப்பை அள்ளும் செலவைத் தேடினால் சுகாதாரத்துக்குள் பாருங்கள். பலர் வீதிகளுக்குள் தேடிவிட்டு, "குப்பைக்கு ஒன்றுமே ஒதுக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உங்கள் விடயம் இருக்கும் வரியைக் கண்டுபிடித்ததும் குறுக்கே வாசியுங்கள். கடந்த ஆண்டு உண்மையில் செலவானது, நடப்பாண்டு மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என்று நிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இவற்றில் பெறுமதி கூடியது உண்மைச் செலவு நிரல்தான். ஒரு வேலைக்கு 50 இலட்சம் ஒதுக்கி 12 இலட்சம் மட்டுமே செலவழித்த சபை, அடுத்த ஆண்டு அதே வேலைக்கு 80 இலட்சம் எழுதினால் அது ஆசை. அதைத் திட்டம் என்று நம்பிவிட வேண்டாம்.

பிறகு மீண்டுவரும் செலவையும் மூலதனச் செலவையும் பிரித்துப் பாருங்கள். சம்பளம், எரிபொருள், மின்கட்டணம் முதல் வகை. புதிய வடிகால், கொங்கிறீட் பாதை, லொறி வாங்குவது இரண்டாவது. எதிர்பார்த்த வருமானம் வராத ஆண்டில் சம்பளத்தைக் குறைக்க முடியாது, மூலதன வேலையைத்தான் நிறுத்துவார்கள். மேயர் வாசித்த பட்டியலில் இருந்த உங்கள் வடிகால் டிசம்பரில் காணாமற்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று: அட்டவணையின் தலையில் "ரூபா '000" என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 4,500 என்பது 45 இலட்சம்.

எங்கள் ஒழுங்கை வடிகாலுக்குக் காசு ஒதுக்கியதாக உறுப்பினர் சொன்னார். அரைகுறையாக ஏதோ செய்துவிட்டுப் போய்விட்டார்கள். எவ்வளவு செலவானது என்று எப்படி அறிவது?
ம. தே., கொட்டாஞ்சேனை

முதலில் அந்த வடிகால் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள். நகருக்குள் இருந்தாலும் காலி வீதி போன்ற பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. பெரிய கால்வாய்களைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். உள் ஒழுங்கைகள் மாநகர சபையின் பொறுப்பு. பிழையான இடத்தில் கேட்டால், "எமக்குரியதல்ல" என்ற ஒற்றை வரிப் பதிலுக்காகவே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அடுத்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நகர மண்டபத்தில் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததும் எழுத்தில் பற்றுக்கடிதம் வாங்குங்கள். அது கையில் இல்லாவிட்டால் பின்னால் வரும் நாட்கணக்கு எதையும் நிறுவ முடியாது.

விண்ணப்பங்கள் வீணாவது கேள்வியின் அமைப்பால்தான். "ஏன் வேலையை முடிக்கவில்லை?" என்பது விளக்கம் கேட்பது. அதற்கு விளக்கம்தான் வரும், அதுவும் மழுப்பலாக. கோப்பில் உள்ள ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை (ஒழுங்கையின் பெயர், வட்டாரம்) வடிகால் வேலை தொடர்பான பின்வரும் ஆவணங்களின் பிரதிகள் தேவை: ஒதுக்கிய தொகையும் செலவுத் தலைப்பு இலக்கமும், பொறியியற் பிரிவின் மதிப்பீடும் அளவுப் பட்டியலும், ஒப்பந்தம் வழங்கிய கடிதம், முடிந்த வேலையின் அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர்."

14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அங்கே போக இரண்டு மாத அவகாசம். முதல் மேன்முறையீட்டின் 14 நாட்களைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்" என்று இருக்காதீர்கள்.

தாள்கள் வந்ததும் அளவு நாடாவோடு வெளியே போங்கள். அளவுப் பட்டியலில் 60 மீற்றர் வடிகால், 600 மில்லிமீற்றர் அகல மூடிகள் என்று இருந்தால் 100 மூடிகள் இருக்க வேண்டும். எண்ணுங்கள். 80 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 100 மில்லிமீற்றர் தடிப்பில் கொங்கிறீட் பாதை என்றால் 24 கன மீற்றர். ஆறு கன மீற்றர் கொள்ளும் கலவை லொறியில் அது நான்கு நடை. எத்தனை லொறி வந்தது என்பது முனைக்கடைக்காரருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். தடிப்பைப் பார்க்கப் பாதையின் திறந்த விளிம்பே போதும், உடைக்க வேண்டியதில்லை.

ஆனால் அளவு குறைந்தாலே களவு என்று முடிவுகட்ட வேண்டாம். தோண்டும்போது குறுக்கே நீர்க்குழாய் வந்து வேலையை மாற்றியிருக்கலாம். அப்படியானால் மாற்றத்துக்கு எழுத்து மூல அனுமதி கோப்பில் இருக்கும். அடுத்த விண்ணப்பத்தில் அதைக் கேளுங்கள். அனுமதியும் இல்லை, முழுக் காசும் கொடுத்தாயிற்று என்றால்தான் விடயம் வேறு.

மதிப்பீட்டு வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது? கழிவு உண்டு என்கிறார்களே?
திருமதி ஆர்., மட்டக்குளி

சோலைவரி என்று பலர் சொல்வதும் இதைத்தான். ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது ஓராண்டுக்கு அது தரக்கூடிய வாடகை என்று மதிப்பிட்ட தொகையை, சபை தீர்மானித்த வீதத்தால் பெருக்க வேண்டும். வீடுகளுக்கு ஒரு வீதம், வியாபார இடங்களுக்கு வேறொன்று. உதாரணத்துக்கு ஆண்டுப் பெறுமதி ரூ. 20,000, வீதம் 20% என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வரி ரூ. 4,000, காலாண்டுக்கு ரூ. 1,000. முழுத் தொகையையும் ஜனவரி 31 க்குள் கட்டினால் 10% கழிவு, அதாவது ரூ. 3,600. காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5%, அதாவது ரூ. 950.

வங்கி மூலம் கட்டுகிறவர்கள் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். காசு சபையின் கணக்கில் பெப்ரவரியில் விழுந்தால் கழிவுக்காக வாதாட வேண்டிவரும். பழைய உரிமையாளரின் பெயரிலேயே பில் வருகிறதென்றால் உறுதியின் பிரதியைக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுப் பெறுமதி கூடிவிட்டதாக அறிவித்தல் வந்தால், அதில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். கருமபீடத்தில் வாயால் முறையிட்டால் பயனில்லை.

சபைக்கு உபரி என்று கணக்கு காட்டுகிறார்கள். ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கக் காசில்லை என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
வியாபாரி, செட்டியார் தெரு

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கடனுக்குச் சாமான் கொடுக்கும் உங்களுக்கு இது புதிதல்லவே. சபை ஓர் ஆண்டில் 100 ரூபாவுக்கு வரிப் பில் அனுப்பினால், வசூலாகாவிட்டாலும் கணக்கில் வருமானம் 100 தான். செலவு 90 என்றால் உபரி 10. கைக்கு வந்தது 70 மட்டுமென்றால் பெட்டியில் 20 ரூபா குறை. மிகுதி 30 வருமதி என்ற தலைப்பில் ஐந்தொகையில் குந்தியிருக்கும்.

காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையிலும் நீதிமன்றத் தண்டப்பணத்திலும் சபைக்குரிய பங்கு மாகாண சபை வழியாகவே வருகிறது. அது பிந்தினாலும் இதே கதைதான்.

வரி வசூல் 95% என்று யாராவது பெருமைப்பட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் இந்த ஆண்டு வரி எவ்வளவு, பழைய நிலுவை எவ்வளவு? இரண்டையும் கூட்டி, இந்த ஆண்டு பில் தொகையால் மட்டும் வகுத்தால் 100% ஐயும் தாண்டிக் காட்டலாம்.

எங்கள் தொடர்மாடி அறிவித்தல் பலகையில் சபைக் கணக்கை எளிமையாகப் போட விரும்புகிறோம். எப்படி?
இளைஞர் குழு, கிருலப்பனை

ஒரு தாளில் ஒரு விடயம் மட்டும். தமிழும் சிங்களமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும், இரண்டு தாள் ஒட்டினால் ஒன்று கிழிந்துபோகும். வட்ட வரைபடம் வேண்டாம். ஒதுக்கியது, செலவானது, முடிந்த வேலை ஆகிய மூன்றும் மூன்று வரியில் பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

மில்லியனும் பில்லியனும் சனத்துக்குத் தலைசுற்றும். ஒரு மில்லியன் 10 இலட்சம், ஒரு பில்லியன் 100 கோடி என்று மாற்றி எழுதுங்கள். மாற்றும்போது பூச்சியம் தவறினால் முழுத் தாளின் மரியாதையும் போய்விடும். அதனால் கணக்கை இன்னொருவர் தனியாகச் செய்து ஒத்துப்பார்க்கட்டும். கீழே எந்த ஆவணம், எத்தனையாம் பக்கம், எந்தத் திகதி என்று எழுதுங்கள். "ஊழல்", "கொள்ளை" போன்ற சொற்களை ஒட்டாதீர்கள். அந்தத் தாள் மறுநாளே கழற்றப்படும், சட்டச் சிக்கலும் வரலாம்.

கணக்காய்வு அறிக்கையை நாங்கள் பார்க்க முடியுமா?
ஜெ. எப்., ஆமர் வீதி

தாராளமாக. மாநகர சபையின் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஆண்டுதோறும் பரிசோதிக்கிறார். அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. முதலில் அபிப்பிராயத்துக்கான அடிப்படை என்ற பகுதியை வாசியுங்கள், சிக்கல்கள் அங்கேதான் இருக்கும். அதே குறை முந்திய ஆண்டு அறிக்கையிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 2023 மார்ச்சில் சபை கலைந்ததிலிருந்து 2025 மே தேர்தலுக்குப் பின் புதிய சபை அமையும்வரை ஆணையாளரின் நிர்வாகமே நடந்தது. அந்தக் காலக் கணக்குக்கு இன்றைய உறுப்பினரைத் திட்டிப் பயனில்லை.

எதைக் கேட்டாலும் "வோட் முடிஞ்சுது" என்கிறார்கள். மேற்கொண்டு என்ன கேட்பது?
பெயர் வேண்டாம், பாமன்கடை

"வோட்" என்பது ஒரு செலவுத் தலைப்புக்கு ஒதுக்கிய காசு. எந்தச் செலவுத் தலைப்பு, அதன் இலக்கம் என்ன, ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, இன்றுவரை செலவும் கட்டுப்பட்ட தொகையும் (வேலை ஒப்படைத்தும் இன்னும் கொடுக்காத காசும்) எவ்வளவு என்று கேளுங்கள். ஒதுக்கீடே தீர்ந்திருந்தால் வேறு தலைப்பிலிருந்து காசு மாற்றச் சபையின் அனுமதி தேவை. அதை நிதிக் குழுவில் முன்வைக்கும்படி உங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒதுக்கீடு மிச்சம் இருந்தும் காசு வரவில்லை என்றால் எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். டிசம்பர் என்றால் அவசரப்படுங்கள்: கட்டுப்படாமல் மிஞ்சிய ஒதுக்கீடு ஆண்டோடு போய்விடும், ஜனவரியில் புதிதாகவே எழுத வேண்டும்.