நள்ளிரவில் சென்னையில் இறங்கிப் புதுச்சேரி செல்வோர் ஓட்டுநரின் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்

வெளிநாட்டிலிருந்து வரும் வயதான பெற்றோர் நள்ளிரவுக்குப் பின் சென்னையில் இறங்குகிறார்கள், அவர்களைப் புதுச்சேரிக்கு அழைத்துவரத் தனிக் காரை முன்பே பதிவு செய்ய வேண்டுமா, இறங்கியபின் அங்கேயே பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பே பதிவு செய்யுங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எங்கே மலிவு, எந்தச் செயலியில் தள்ளுபடி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் காரை ஓட்டப்போகிறவர் அன்று பகலில் தூங்கியிருப்பாரா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், கூட வருவதற்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஊரில் கார் வைத்திருக்கும் உறவினரை நடுராத்திரியில் தொந்தரவு செய்யத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. எங்கள் வீட்டிலும் அக்காவும் மாமாவும் பாரிஸில் குடியேறி வெகுகாலமாகிறது. வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி அவர்கள் வருவதால், சென்னையில் இறங்குவது பெரும்பாலும் விடியற்காலை இரண்டு, மூன்று மணியாகத்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய மகன் அங்கிருந்தபடியே ஓர் இணையதளத்தில் யூரோவில் பணம் கட்டி, இரண்டு பேருக்கு ஒரு செடான் கார் பதிவு செய்திருந்தான். வேறு வேலையாகச் சென்னையில் இருந்த நானும் அதே காரில் ஊர் திரும்பிவிடலாம் என்று விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அந்தத் தளத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் வந்த கார் அவர்களுடையதே அல்ல. அவர்கள் சென்னையிலுள்ள ஒரு முகவருக்குத் தள்ளிவிட, அந்த முகவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட, கடைசியில் மின்னஞ்சலில் வந்த பதிவெண்ணுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வண்டி வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவருக்கு நாங்கள் யாரிடம் எவ்வளவு கட்டினோம் என்பது தெரியாது. தன் கைக்கு எவ்வளவு வரும் என்பது மட்டுமே தெரிந்திருந்தது.

முதல் சிக்கல் டிக்கியில் தொடங்கியது. வந்தது சிஎன்ஜியில் ஓடும் செடான். அந்த வண்டிகளில் டிக்கியின் உட்பக்கத்தைக் குறுக்கே படுத்திருக்கும் எரிவாயு உருளை எடுத்துக்கொள்வதால், மிஞ்சும் இடத்தில் ஒரு நடுத்தரப் பெட்டியும் ஒரு கைப்பையும் வைத்தாலே மூடி சாத்தாது. அக்காவிடமும் மாமாவிடமும் ஆளுக்கு 23 கிலோ எடையில் இரண்டிரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டு பெட்டிகளை மேலே கேரியரில் வைத்துக் கயிறு கட்ட, ஒன்றை முன் இருக்கையில் நிறுத்த, முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அக்கா காலை நீட்ட வழியில்லாமல் எனக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. காரில் நான்கு பேர் அமரலாம் என்று தளத்தில் போட்டிருந்தது பொய்யல்ல. நான்கு பேர் பெட்டி இல்லாமல் அமரலாம் என்பதே உண்மை. வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால்கூட எர்டிகாவோ இன்னோவாவோ கேளுங்கள். செடான்தான் என்றால் டீசல் வண்டியா, சிஎன்ஜி வண்டியா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து கணக்கு வந்தது. பார்க்கிங், காத்திருப்பு, இரவு பேட்டா, பாண்டிச்சேரி பெர்மிட் என ஒவ்வொன்றையும் ஓட்டுநர் தனித்தனியாகச் சொன்னார். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வாடகை வண்டி புதுச்சேரிக்குள் வருவதற்கான பெர்மிட் செலவு மெய்யான செலவுதான், விமானம் தாமதமானதால் காத்திருந்ததும் மெய்தான். ஆனால் எல்லாம் அடங்கிய கட்டணம் என்று நம்பி யூரோவில் கட்டியவர்களிடம், பதினைந்து மணி நேரப் பயணக் களைப்பில் நிற்கும்போது அதைக் கேட்பது முறையல்ல. இடையில் இருந்த இருவரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு தொலைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இவையெல்லாம் பணத்தோடு போகிற விஷயங்கள், விட்டுவிடலாம். விடமுடியாதது அதற்குப் பிறகு நடந்தது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, மதுராந்தகம் ஏரியையும் கடந்த பிறகு வண்டி ஒரே சீராக ஓடவில்லை என்பதைக் கவனித்தேன். இடதுபுற வெள்ளைக் கோட்டின் மீது சக்கரம் ஏறும்போது எழும் சத்தம் கேட்கும், உடனே வண்டி சட்டென்று நடுவுக்குத் திரும்பும், சிறிது நேரத்தில் மறுபடியும் அதே சத்தம். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். இமைகள் மூடவில்லை, ஆனால் பார்வை சாலையில் இல்லை. அக்காவும் மாமாவும் தூங்கிவிட்டிருந்தார்கள். மேல்மருவத்தூர் அருகே விளக்கெரிந்த ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னேன்.

"தம்பி, கடைசியா எப்ப தூங்குனீங்க?" என்று கேட்டதற்கு அவர் முதலில் சிரித்தார். பிறகு, "நேத்து விடிகாலம் திருப்பதி போயிட்டு வந்தேன் சார். சாயங்காலம் காஞ்சிபுரம் ஒரு டிராப். உங்களை விட்டுட்டு அங்கேருந்து ரிட்டர்ன் ஏத்தணும், அது கெடைச்சாதான் எனக்குக் கட்டுப்படியாகும்" என்றார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுக்கு மேல் இராது. அவரை இருக்கையைச் சாய்த்துத் தூங்கச் சொல்லிவிட்டு, கிழக்கு வெளுக்கும் வரை நாங்கள் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அந்தப் பையன் மீது எனக்கு இன்றுவரை கோபமில்லை. அவரை அப்படி ஓடவைக்கும் கணக்கின் மீதுதான் கோபம்.

அந்தக் கணக்கு என்னவென்றால், சென்னை விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி, திண்டிவனம் வழியாக வந்தாலும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்தாலும், ஏறத்தாழ 140 கிலோமீட்டர். டிராப் டாக்ஸி என்று விளம்பரம் செய்பவர்கள் கிலோமீட்டருக்கு 14, 15 ரூபாய், குறைந்தது 130 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா தனி என்று சொல்வார்கள். போகும் வழிக்கு மட்டும் கட்டணம் என்பதால் நமக்கு அது மலிவாகத் தெரிகிறது. ஆனால் வண்டி திரும்பியாக வேண்டும். அந்த 140 கிலோமீட்டருக்கான எரிபொருளும் சுங்கமும் ஓட்டுநர் தலையில் விழுவதால், திரும்பும் சவாரி கிடைக்கும்வரை அவர் காத்திருப்பார், கிடைத்ததும் தூங்காமல் கிளம்புவார். நாம் மிச்சப்படுத்தும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கானதாகவே இருந்தது. கடனில் ஒற்றைக் காரை வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கு அந்த வரையறை எட்டியதே இல்லை.

ஆகவே நாங்கள் இப்போது புதுச்சேரியிலேயே இருக்கும் ஓர் உரிமையாளர்-ஓட்டுநரை நேரடியாகத் தொலைபேசியில் பேசி அமர்த்திக்கொள்கிறோம். அவர் சென்னைக்கு வெறும் வண்டியாக வருவதால் இருவழிக் கட்டணம் தருகிறோம். அன்று பகல் சவாரி எடுப்பதில்லை, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் புறப்படுவார். சுங்கம், பார்க்கிங், பெர்மிட், பேட்டா எல்லாம் சேர்த்து ஒரே தொகையை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவார். விமான எண்ணைக் கொடுத்துவிட்டால், தாமதத்தை அவரே பார்த்துக்கொண்டு அதற்கேற்பக் கிளம்புவார். காத்திருப்பு நேரத்தை விமானம் வரவேண்டிய நேரத்திலிருந்து கணக்கிடாமல் தரையிறங்கிய நேரத்திலிருந்தே கணக்கிடுவது என்றும் பேசிக்கொண்டோம். குடியேற்றச் சோதனையும் பெட்டிகளும் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

எல்லோராலும் இருவழிக் கட்டணம் கொடுக்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் வசதியைக் காட்ட இதை எழுதவில்லை. தனியாக வரும் இளைஞர் என்றால் பகலில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போய், திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி செல்லும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர்களை நான்கு பெட்டிகளோடு அப்படி அனுப்பமுடியாது. டிராப் டாக்ஸியே போதும் என்றால், அதையே பதிவு செய்யுங்கள். ஆனால் முதல் நாள் மாலை ஓட்டுநரின் பெயரையும் எண்ணையும் வாங்கி அவரிடமே பேசி, அன்று பகலில் என்ன ஓட்டம் என்று கேளுங்கள். தடுமாறினால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். எண் தரமுடியாது, வண்டி கிளம்பும்போதுதான் தெரியும் என்று சொல்கிற இடத்தில் பதிவு செய்யவே வேண்டாம்.

இறங்கியபின் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு நான் ஏன் உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தின் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, செயலி வண்டிகள் அங்கிருந்துதான் பயணிகளை ஏற்றுகின்றன. பெட்டிகளோடு அதுவரை போக வேண்டும், வெளிநாட்டு சிம் வேலை செய்யாவிட்டால் ஓட்டுநரோடு பேசவும் முடியாது. அந்த நேரத்தில் புதுச்சேரி என்றதும் சவாரியை ரத்து செய்கிற ஓட்டுநர்கள் உண்டு. வாசலில் வந்து, "பாண்டி போலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்கிறவர்களிடம் போகவே வேண்டாம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது வாடகைக்கு உரிய வண்டி. வெள்ளைப் பலகை வண்டியில் காசு கொடுத்துப் போய் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதுவே காரணமாகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இத்தனை பேர் பிரான்சிலும் வேறு நாடுகளிலும் வாழ்கிற ஊர் எங்களுடையது. லாஸ்பேட்டையில் எங்களுக்கென்று ஒரு விமான நிலையமும் இருக்கிறது. ஆனால் அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான், ஏடிஆர் போன்ற சிறு விமானங்கள் இறங்கத்தான் அது போதும். நீட்டிக்க வேண்டிய நிலம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மாமல்லபுரம் வழியாகக் கடலூர் வரை வரும் என்று அறிவிக்கப்பட்ட கடற்கரை ரயில் பாதையும் இன்னும் வரவில்லை. அவற்றில் ஒன்று வந்திருந்தாலும் நடுராத்திரியில் முதியவர்கள் 140 கிலோமீட்டர் சாலையை நம்பியிருக்க வேண்டியிருக்காது.

வழியைப் பற்றியும் கேட்பீர்கள். இரவில் திண்டிவனம் வழியைத்தான் நான் சொல்வேன். லாரிகள் அதிகம் என்றாலும் நடுவில் தடுப்புள்ள சாலை, தேநீருக்கும் கழிப்பறைக்கும் நிறுத்த இடங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை பகலில் கண்ணுக்கு அழகு. ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்கு வழியாக்கும் வேலை நடந்துவருவதால் மாற்றுப்பாதைகள் வரும், இருட்டில் மாடுகளும் குறுக்கே வரும்.

உங்கள் பெற்றோரின் விமானம் இரண்டு மணிக்கு முன்பே இறங்குவதாக இருந்தால், இன்னொரு யோசனையையும் பரிசீலியுங்கள். திரிசூலம், மீனம்பாக்கம் பக்கத்தில் ஓர் அறையை முன்பே எடுத்துவைத்து, காரைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிடலாம். அறை வாடகை கூடுதல் செலவுதான். ஆனால் அவர்கள் காலை நீட்டிப் படுத்து எழுவார்கள், ஓட்டுநரும் தன் வீட்டில் தூங்கி எழுந்து வருவார், இரவு பேட்டாவும் இராது. பெரிய நெரிசல் இல்லாவிட்டால் ஒன்பது, ஒன்பதரை மணிக்குள் புதுச்சேரி எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டிவிடலாம். அக்கா இந்த முறை வரும்போது அறையைத்தான் எடுத்திருக்கிறேன்.