கோல்ஃப் வண்டி கேள்வி-பதில்: ஆறு பேட்டரிக்கும் ஒரே நுகத்தடி

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பேட்டரியைப் பற்றியவை. மீதியில் பாதியும் பேட்டரிதான், எழுதியவர்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே. வழக்கமான பல்லவியை முதலிலேயே பாடிவிடுகிறேன்: மல்டிமீட்டர் இல்லாமல் பழைய வண்டியைத் தொடாதீர்கள். சீட்டைத் தூக்கும் முன் மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய கோல்ஃப் கார்ட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஓடவில்லை. என்ன செய்யலாம்?

முழுக் கடிதமே இவ்வளவுதான். எந்த கம்பெனி, எந்த வருஷம், பேட்டரியா பெட்ரோலா, எத்தனை வோல்ட், ஒன்றும் இல்லை. டாக்டருக்கு போன் போட்டு "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது மாதிரி இருக்கிறது. சீட்டைத் தூக்குங்கள். ஒரு பேட்டரியின் தலையில் எத்தனை மூடி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு மூடிக்கு 2 வோல்ட்: மூன்று மூடி என்றால் 6, நான்கு என்றால் 8, ஆறு என்றால் 12. அதைப் பேட்டரிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 36 அல்லது 48 வரும். கிளப் கார் கம்பெனி வண்டி என்றால் சீரியல் எண்ணில் முதல் எழுத்துகளுக்கு அப்புறம் வரும் இரண்டு இலக்கங்கள் ஆண்டைச் சொல்லும். இவ்வளவையும் எழுதி மறுபடி அனுப்புங்கள், பேசலாம்.

கேள்வி: இரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டி. சார்ஜரை மாட்டினால் சத்தமே வரவில்லை. புது சார்ஜர் வாங்க வேண்டுமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். பழைய சார்ஜர்களில் பெரும்பாலானவை, எதிரே கொஞ்சமாவது வோல்ட் இருந்தால்தான் கண் திறக்கும். பேக் (எல்லா பேட்டரிகளும் சேர்ந்த செட்) அடியோடு இறங்கிப் போயிருந்தால், பேட்டரி மாட்டியிருப்பதே சார்ஜருக்குத் தெரியாது. முதலில் மூடிகளைத் திறந்து தகடுகள் தண்ணீரில் மூழ்கியிருக்கின்றனவா பாருங்கள். வெளியே தெரிந்தால் தகடு மறையும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். முழுக்க நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து, பேட்டரிகள் உட்கார்ந்திருக்கும் தட்டை ஆசிட் தின்னும்.

அப்புறம் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்து ஒரு சாதாரண 12 வோல்ட் சார்ஜரில் மூன்று நான்கு மணி நேரம் போடுங்கள். 8 வோல்ட் பேட்டரிகள் என்றால் மூன்றைச் சேர்த்து 24 வோல்ட் சார்ஜர். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், ஹைட்ரஜன் வரும். எல்லாவற்றையும் இப்படித் தட்டி எழுப்பியதும் பெரிய சார்ஜரை மாட்டிப் பாருங்கள். முழு சார்ஜுக்குப் பிறகு ஒரு ராத்திரி சும்மா விட்டு அளந்தால் 6 வோல்ட் பேட்டரி 6.4-ஐ ஒட்டியும் 8 வோல்ட் பேட்டரி 8.5-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் காலியாகவே கிடந்தது என்றால் பெரிதாக ஆசை வைக்காதீர்கள். ஆனால் சார்ஜர் பிழைத்துக்கொள்ளும், அந்தக் காசு மிச்சம்.

கேள்வி: பெடலை மிதித்தால் 'டிக்' என்கிறது, வண்டி நகரவில்லை. மோட்டார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த 'டிக்' சொலினாய்டுடையது, அதாவது பெடலை மிதித்ததும் பேட்டரி மின்சாரத்தை மோட்டார் பக்கம் திறந்துவிடும் பெரிய ஸ்விட்சுடையது. பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளிலும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். 'டிக்' கேட்டதும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் வோல்ட் நின்றால் உள்ளே கான்டாக்ட் எரிந்திருக்கிறது. அதை மாற்றுவது மோட்டாரை மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. பூஜ்யத்துக்கு இறங்கியும் சக்கரம் சுற்றவில்லை என்றால் கன்ட்ரோலர் (மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டி), பெடல் சென்சார் பக்கம் போங்கள். மோட்டார் கடைசி. புது சொலினாய்டு மாட்டும்போது பழையதன் போல்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ரெசிஸ்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு 'டிக்'குக்கும் கான்டாக்ட் பொறி பறக்கும், புதுசும் அதே வழியில் போகும்.

கேள்வி: பழைய பேட்டரியில் எப்சம் உப்பு போட்டால் உயிர் வருமாமே?

போடலாம். செத்த பேட்டரி, உப்பு போட்ட செத்த பேட்டரியாக மாறும்.

கேள்வி: ஆறில் ஒரு பேட்டரி மட்டும் வீக். அது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாமா? பட்ஜெட் அவ்வளவுதான்.

மற்ற ஐந்தின் வயது என்ன? ஒரு வருஷத்துக்குள் என்றால் தாராளமாகப் போடுங்கள். நான்கு வருஷம் என்றால் புதுசைப் போட்டுக் கெடுக்காதீர்கள். ஆறும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். நோஞ்சான் மாட்டுக்குப் பக்கத்தில் கொழுத்த காளையைக் கட்டினால் வண்டி வேகமாகப் போகாது, காளைதான் இளைக்கும். அதே பிராண்டில், கிட்டத்தட்ட அதே வயதில் நல்ல செகண்ட் ஹேண்ட் பேட்டரி ஒன்று தேடுங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கும் அதுதான் சரி. டெர்மினலில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பாருங்கள். பொதுவாக எழுத்து மாதம், எண் ஆண்டு. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். முழு சார்ஜில் எல்லா செல்லும் 1.28-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைந்தாலும், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும், விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டும் ஸ்பீக்கர் செட்டும் மாட்டியிருக்கிறேன். இரண்டு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொண்டேன், கன்வெர்ட்டர் செலவு மிச்சம். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எட்டு மாதத்தில் வண்டி பாதி தூரம்தான் போகிறது. ஏன்?

ஏன் என்பதை நீங்களே முதல் இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள்.

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வேஷத்தில் ஒவ்வொரு முறையும் வருகிறது. நானும் அலுக்காமல் திட்டுகிறேன். கணக்கைப் பாருங்கள். லைட்டும் பாட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சாயங்காலம் நான்கு மணி நேரம் என்றால் 40 ஆம்பியர் மணி. உங்கள் 6 வோல்ட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 200, 220 தான் இருக்கும். வண்டி ஓடியதற்கு ஆறும் சமமாகக் கொடுத்தன. பாட்டுக்கு மட்டும் இரண்டு பேட்டரிகள் தங்கள் கைக்காசைப் போட்டன.

ராத்திரி சார்ஜரை மாட்டுகிறீர்கள். அது ஒவ்வொரு பேட்டரியாகக் குசலம் விசாரிக்காது. இரண்டு கடைசி முனைகளிலும் வரும் மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும். நான்கு பேட்டரிகள் சீக்கிரம் நிறைந்து கொதிக்க ஆரம்பித்து வோல்ட்டை ஏற்றிவிடும். சார்ஜர் "ஆச்சு" என்று நிறுத்திவிடும். பாட்டுப் பாடிய இரண்டும் அரை வயிற்றோடு தூங்கும். மறுநாளும் அதே கதை. அரைப் பட்டினியில் கிடக்கும் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும், அதன் கொள்ளளவு சுருங்கும். மற்ற நான்கும் தினம் கூடுதலாகக் கொதித்துத் தண்ணீரை இழக்கும். ஆக ஆறும் கெடும், இரண்டு பட்டினியாலும் நான்கு அஜீரணத்தாலும்.

இதை ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் முதல் வண்டியில் நானே இதைத்தான் செய்தேன். ஒன்றரை வருஷத்தில் செட் போனது. கடைசியில் ஆறையும் தனித்தனியாக அளந்து ஒரு அட்டையில் எழுதினேன்: நான்கு 6.3, இரண்டு 5.8. அந்த இரண்டு எவை என்று பார்க்க ஒயரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, டேப் செட்டின் சிவப்பு ஒயர் அவற்றின் மேல்தான் கிடந்தது.

"மாதம் ஒருமுறை வேறு ஜோடிக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாப் பேட்டரிகளையும் முறைபோட்டுக் கெடுக்கப் போகிறார். இன்னொருவர் லைட்டை ஒரு ஜோடியிலும் பாட்டை இன்னொரு ஜோடியிலும் எடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே இரும்புச் சட்டத்தில் எர்த் ஆனால் நடுவில் இருக்கும் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், ஒயர் தீப்பிடிக்கும். மூன்றாமவர் வண்டியில் ஆறு 8 வோல்ட் பேட்டரிகள். இரண்டைச் சேர்த்தால் 16. "பல்பு அடிக்கடி போகிறது, நல்ல பிராண்ட் சொல்லுங்கள்" என்கிறார். நல்ல கூட்டல் வாய்ப்பாடு ஒன்றுதான் சொல்ல முடியும்.

36-ஐ 12-ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள். 20 ஆம்பியர் போதும். அதற்கு வரும் ஒயர் பேக்கின் முதல் முனையிலிருந்தும் கடைசி முனையிலிருந்தும் வரட்டும், நடுவில் எங்கும் தொடாதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். கன்வெர்ட்டரின் விலை ஒரு பேட்டரியின் விலையில் சிறு பங்குதான். உங்களுக்கு மிச்சமானது அந்தச் சிறு பங்கு, செலவாகப் போவது முழு செட். இப்போதைக்கு அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் சார்ஜரில் அந்த இரண்டை மட்டும் தனியாக முழுசாக ஏற்றிப் பாருங்கள். எட்டு மாதம்தானே, கொஞ்சமாவது திரும்பி வரலாம்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறிவிடலாமா?

வண்டியின் மற்ற பாகங்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்று தெரிந்த பிறகு மாறுங்கள். ஆறு 8 வோல்ட் ஈயப் பேட்டரிகள் சுமார் 170 கிலோ. லித்தியம் பேக் 50 கிலோவை ஒட்டித்தான் வரும், வண்டி துள்ளும், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும். பழைய சார்ஜரை மாட்டிப் பரிசோதனை செய்யாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் காவல்காரச் சர்க்யூட்டான பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். கன்ட்ரோலர் ஏற்றத்தில் 300 ஆம்பியர் இழுக்கும், பிஎம்எஸ் 100-இல் கதவைச் சாத்தினால் வண்டி நடு மேட்டில் நிற்கும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேக்கை சார்ஜ் போடக் கூடாது. கையில் காசு குறைவு, வண்டியும் இன்னும் சோதிக்கப்படாதது என்றால் என் ஓட்டு இன்னும் ஈயத்துக்குத்தான்.

கேள்வி: பேட்டரி தட்டுக்குக் கீழே சட்டம் துருப்பிடித்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?

ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் பெயின்ட் வேலை முடிந்தது, வெல்டிங் வேலை ஆரம்பம். இறங்கவில்லை என்றால் டோ ஸ்விட்சை (வண்டியை இழுத்துப் போகும்போது கன்ட்ரோலருக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) 'டோ'வில் வைத்து, பேட்டரிகளைக் கழற்றி வெளியே எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் நான்கு கை சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். நுரை நிற்கும்வரை திரும்பத் திரும்ப. ஆசிட் மிச்சமிருக்கும் இரும்பின் மேல் அடித்த பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பி வந்துவிடும். காய்ந்த பிறகு சுரண்டி, பிரைமர், பெயின்ட்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: கிளப் காரின் சட்டம் அலுமினியம், ஈ-இஸட்-கோவுக்கு எஃகு. வாங்கும் முன் குனிந்து பார்க்க வேண்டிய இடம் எது என்று இதிலிருந்தே புரிந்திருக்கும். அலுமினியத்தையும் ஆசிட் விட்டுவைக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும்.

பேட்டரி கழற்றும்போது ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். என் பழைய 13 ஸ்பேனரின் நுனியில் பட்டாணி அளவு ஒரு பள்ளம் இருக்கிறது. டேப் சுற்றாத காலத்தில் இரண்டு டெர்மினலுக்கு நடுவே அது விழுந்த அரை நொடியில் உருகிய இடம். விரலில் மோதிரம் இருந்து, விழுந்தது ஸ்பேனராக இல்லாமல் விரலாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பரின் வண்டியிலிருந்து கழற்றிய கன்ட்ரோலர் இருக்கிறது. என் வண்டிக்குப் பொருந்துமா? இரண்டுமே 48 வோல்ட்தான்.

வோல்ட் ஒன்றானால் மட்டும் போதாது. மோட்டார் டெர்மினல்களைப் பாருங்கள். நான்கும் தடியாக, ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று இருந்தால் சீரிஸ் மோட்டார். இரண்டு தடி, இரண்டு மெலிசு, மெலிசில் எஃப்1, எஃப்2 என்று இருந்தால் தனி ஃபீல்டு மோட்டார். ஒன்றின் கன்ட்ரோலர் மற்றதற்கு ஆகாது. நண்பரின் மோட்டாரையும் பார்த்துவிட்டு ஒயரைத் தொடுங்கள்.

கேள்வி: பழைய யமஹா ஜி1 பெட்ரோல் வண்டி. புகை வருகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

அது டூ-ஸ்ட்ரோக். லேசான நீலப் புகை அதன் மூச்சு. புகை திடீரென்று அறவே நின்றால்தான் பயப்பட வேண்டும், ஆயில் இன்ஜினுக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே நிறுத்தி ஆயில் டேங்கைப் பாருங்கள். இன்ஜின் மந்தமாகச் சுற்றி ஸ்டார்ட் ஆக மறுத்தால், முதலில் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரின் பெல்ட் தொய்ந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் வர என்னென்ன மாற்ற வேண்டும்?

கோல்ஃப் கார்ட் மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்குள் ஓடக் கட்டப்பட்டது. பெரும்பாலான பழைய வண்டிகளில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும், அதுவும் கேபிளில் இழுபடும் டிரம் பிரேக். மாற்ற வேண்டியது எண்ணத்தை. கையில் காசு இருந்தால் பிரேக் ஷூவும் கேபிளும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: சீட் கவர், அலாய் வீல், பெயின்ட் எல்லாம் முடிந்தது. மிச்சம் இருக்கும் சொற்பக் காசில் எந்த பேட்டரி வாங்கலாம்?

அலாய் வீலை விற்றுவிடுங்கள். பழைய இரும்பு வீல் இன்னும் ஷெட்டில்தானே கிடக்கும்? அதை மாட்டி, டயருக்கு 20 பிஎஸ்ஐ காற்றடித்துவிட்டு, விற்ற காசோடு எழுதுங்கள். அதற்குள் மூடியை எண்ணி, வோல்ட்டையும் சொல்லிவிடுங்கள்.