அடர் கலவைகள் எப்படி ஓடுகின்றன: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், சோள மாவுக் கரைசலை மெதுவாகக் கிளறினால் கரண்டி போகிறது, வேகமாகக் கிளறினால் இறுகிவிடுகிறது. இதை விளக்க எந்தக் கோட்பாட்டு மாதிரியில் தொடங்கலாம்?

பதில்: வியார்ட், கேட்ஸ் என்ற இயற்பியலாளர்கள் 2014இல் தந்ததிலிருந்து. துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. தகைவு, அதாவது கிளறும்போது கலவையின் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, குறைவாக இருந்தால் அந்த விலக்கம் ஜெயிக்கும். நடுவில் திரவப் படலம் நிற்கும், துகள்கள் வழுக்கிக்கொண்டு போகும். தகைவு கூடினால் படலம் பிதுங்கி, துகளோடு துகள் உரசும். வழுக்கும் உருண்டைகள், கலவையின் கன அளவில் சுமார் 64 சதவீதத்தை அவையே நிரப்பும் வரை ஓடும். நன்றாக உரசுபவை சுமார் 58இலேயே நெரிசலாகி, நகர முடியாமல் சிக்கிவிடும். ஆக, தகைவு கூடக்கூட நெரிசல் எல்லை கீழே இறங்குகிறது. அந்த எல்லைக்கும் உங்கள் கலவைக்கும் உள்ள இடைவெளி பாதியானால் பாகுநிலை (ஓட்டத்துக்குக் கலவை காட்டும் தடை) ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

ஒன்றை மறக்காதீர்கள்: கன அளவு விகிதம், எடை விகிதம் அல்ல. சோள மாவு தண்ணீரை உறிஞ்சுவதால் எடையிலிருந்து நேராகக் கணக்கிட்டால் தவறிவிடும்.

கேள்வி: பாகுநிலைக்கு ஐன்ஸ்டைன் தந்த சூத்திரம் போதாதா?

பதில்: 1906இல் வந்த அது, துகள்கள் ஒன்றையொன்று பாதிக்காத நீர்த்த கலவைக்கு. சில சதவீதத்தைத் தாண்டினால் உதவாது.

கேள்வி: எடையில் 40 சதவீத மாவு. பாகுநிலை எவ்வளவு?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். எடையை வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: உராய்வு எதற்கு? திரவ விசையே துகள்களைக் கொத்தாக்கும் என்று 1980களிலேயே சொல்லிவிட்டார்களே!

பதில்: கொத்துகள் உருவாவது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் பாகுநிலை மெல்லத்தான் ஏறும். சோள மாவிலோ ஒரே தாவலாகத் தாவுகிறது. 2017இல் பிரான்சில் செய்த சோதனையைப் பாருங்கள். தண்ணீரில் சிலிக்கா மணிகளைச் சுழலும் உருளையில் போட்டார்கள். குவியல் ஏறக்குறைய படுத்தே கிடந்தது: உராய்வு இல்லை. உப்பு சேர்த்து விலக்கத்தை அடக்கியதும் குவியல் நன்றாகச் சரிந்து நின்றது. கூடவே, தகைவு கூடினால் இறுகும் குணமும் போய்விட்டது. உராய்வு முதலிலேயே வந்துவிட்டதால், தகைவு புதிதாகக் கொண்டுவர ஒன்றுமில்லை.

கேள்வி: அப்படியானால் சிறு தகைவிலும் அந்தக் கலவை கெட்டியாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: அதேதான்! தொடக்கத்திலிருந்தே கெட்டி. நல்ல கேள்வி.

கேள்வி: கட்டடத்தில் கான்கிரீட் பம்ப் அடைக்கிறது.

பதில்: தளத்தில் இருக்கும் பொறியாளரிடம் கேளுங்கள். ஜல்லி அளவைப் பார்க்காமல் நான் சொல்வது சரியாக இருக்காது.

கேள்வி: 100 கிராம் மாவுக்கு எத்தனை மில்லி தண்ணீர்?

பதில்: மறுபடியும் எடை. கொஞ்சம் கொஞ்சமாக மாவு சேர்த்து, கரண்டி எப்போது தடைபடுகிறது என்று பாருங்கள்.